புண்ணின் மேல் நிற்கும் பாரம்

பெரியம்மாதான் முதலில் பார்த்தார். வாசல் சிமெண்ட் தரையில், தண்ணீர்த் தொட்டியிலிருந்து திண்ணை வரைக்கும், ஒரு காலடி விட்டு ஒரு காலடி சிவப்பாகப் பதிந்திருந்தது. கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிய பெரியப்பா, ஒன்றும் நடக்காதவர் போலத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா பதறிப்போய்க் காலைத் தூக்கிப் பார்த்தார். இடது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், வேலிக்காத்தான் முள் ஒடிந்து உள்ளே நின்றது. செருப்பைப் புரட்டினால் மீதி முள் அதில் இருந்தது. காலையில் ஏறிய முள். மாலைவரை அதன் மேலேயே நடந்திருக்கிறார்.

"வலிக்கலியா?"

"இல்லியே."

கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது வடக்கனந்தல். கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் பூமி. சோகை உரித்தும், கட்டை வெட்டியும், சேற்றில் நடவு நட்டும் வாழும் ஊர் என்பதால், காலில் முள் குத்துவது இங்கே ஒரு செய்தியே இல்லை. குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் அந்த "இல்லியே" என்ற ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. பெரியப்பாவுக்குச் சர்க்கரை வந்து 14 வருடம் ஆகியிருந்தது.

அந்த முள் குத்திய இடம் 11 மாதம் ஆறவில்லை.

என்னென்ன செய்தோம் என்று இப்போது நினைத்தால் மனம் கனக்கிறது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டோம். மூன்று விதமான ஆயின்ட்மென்ட். இரண்டு முறை ஆன்டிபயாடிக் மாத்திரை. சித்த மருந்துக் கடையில் வாங்கிய பச்சை எண்ணெய். பிறகு, வாரம் மூன்று நாள் ஒரு கிளினிக்கில் டிரெஸ்ஸிங். காலையில் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார், பஸ்ஸில் நின்றுகொண்டு போவார், இறங்கி மறுபடி நடப்பார், வரிசையில் நிற்பார். கட்டை அவிழ்த்து, துடைத்து, புதுத் துணி வைத்துக் கட்டுவார்கள். அதே காலோடு திரும்பி நடந்து வருவார். புண்ணுக்கு மருந்து போட, அந்தப் புண்ணின் மேலேயே நடந்து போய்க்கொண்டிருந்தார் அவர். எங்கள் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் நாளைக்கு 6,000 அடி வைத்தால், ஒரு காலுக்கு 3,000. எழுபது கிலோ உடம்பு, குதிகாலிலிருந்து முன்னே உருண்டு, கடைசியில் கட்டைவிரல் மேட்டில் ஊன்றி உந்தும்போது, பெரும்பாரம் அந்தச் சின்ன இடத்தில் இறங்குகிறது. நாள் ஒன்றுக்கு 3,000 முறை நசுங்கும் இடத்தில் எந்தச் சதை வளரும்? எந்த மருந்து அதை வளர்த்துவிடும்?

சர்க்கரை நோய் காலை எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கத்தான் வேண்டும். உடம்பிலேயே நீளமான நரம்புகள், இடுப்புத் தண்டிலிருந்து கால் விரல் நுனிவரை போகிறவை. இரத்தத்தில் சர்க்கரை பல வருடம் ஏறியே இருந்தால், அந்த நீள நரம்புகள்தான் முதலில், நுனியிலிருந்து, பட்டுப்போகின்றன. அதனால்தான் மரமரப்பு விரல்களில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலே ஏறுகிறது. பட்டுப்போவது உணர்ச்சி நரம்பு மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். பாதத்தின் சிறு தசைகளை ஆளும் நரம்புகளும் தளர்கின்றன. விரல்கள் பருந்தின் நகம்போல மடங்குகின்றன. விரலடியில் மெத்தைபோல இருந்த கொழுப்பு முன்னால் நழுவிவிட, எலும்பு முனை நேராகத் தோலில் குத்தி நிற்கிறது. வியர்வைக்கான நரம்புகளும் போய்விடும். பாதம் காய்ந்து, பித்தவெடிப்பு விழுந்து, அதன் வழியாகக் கிருமி நுழைகிறது. எலும்பு அழுத்தும் இடத்தில் தோல் காய்த்துக் கெட்டியாகும். கால் ஆணி என்று நாம் அலட்சியமாகச் சொல்லி, பிளேடால் சீவிக்கொள்வது பல நேரம் இதைத்தான். அந்தக் காய்ப்பு, செருப்புக்குள் கிடக்கும் ஒரு சரளைக் கல் மாதிரி. அதன் அடியில் சதை நசுங்கி, இரத்தம் கட்டி, வெளியே தெரியாமலே புண் உண்டாகிவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. இது நகரத்துக்காரர்களின் நோய் என்று இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு நாள் காலையில் மாத்திரை வாங்க நிற்கும் வரிசையைப் பார்க்க வேண்டும்.

சரி, புண்ணுக்குள் என்ன நடக்கிறது? மதகு உடைத்துக்கொண்டால் ஊர் என்ன செய்யுமோ, அதையே உடம்பும் செய்கிறது. முதலில் ஓட்டத்தை அடைக்கும். அது இரத்தம் உறைவது. அடுத்து, உடைந்த கல்லையும் சேற்றையும் அள்ள ஆள் இறங்கும். வெள்ளை அணுக்கள் வந்து கிருமியைக் கொன்று, செத்த திசுவைக் கரைத்து எடுக்கும் வேலை அது. வீக்கமும் சூடும் அதன் அடையாளங்கள். பிறகுதான் கட்டுமானம். புது இரத்தக் குழாய்கள் முளைத்து, கொலாஜன் என்ற நார்ப் புரதம் பின்னப்பட்டு, செக்கச்செவேல் என்று சிறு மணிமணியாகச் சதை ஏறும். ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வந்து மூடும். கடைசியாக, மாதக்கணக்கில் அந்த நார்களை மாற்றி முறுக்கி உறுதிப்படுத்தும் வேலை நடக்கும்.

ஆறாத புண் என்பது இரண்டாவது கட்டத்திலேயே சிக்கிக்கொண்ட புண். இடிபாட்டை அள்ள வந்த ஆட்கள் வேலை முடிந்தும் போகாமல், புதிதாகக் கட்டிய சுவரையும் சேர்த்து இடித்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? வெள்ளை அணுக்கள் விடும் நொதிகள், புதிதாகப் பின்னிய கொலாஜனை அன்றன்றைக்கே அறுத்துவிடுகின்றன. ஒவ்வொரு முறை பாரம் இறங்கும்போதும் புதுக் குழாய்கள் நசுங்கி, மறுபடி காயம், மறுபடி "ஆளை அனுப்பு" என்ற சேதி. போதாததற்குக் கிருமிகள் ஒன்றுகூடி, தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு போர்வையை நெய்துகொள்கின்றன. பாசி பிடித்த தொட்டிச் சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியுமா? தேய்த்துத்தான் ஆக வேண்டும். அதேபோல இந்தப் போர்வையை மாத்திரை லேசில் துளைப்பதில்லை. கத்தியால் சுரண்டி, செத்ததை வெட்டி, இரத்தம் கசியும் நல்ல சதைவரை சுத்தம் செய்ய வேண்டும். அந்தப் போர்வை ஓரிரு நாளில் மறுபடி படியத் தொடங்கும் என்பதால், ஒருமுறை சுத்தம் செய்தால் போதாது. நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால், போகும் வழியே தவறு, மாற்ற வேண்டும் என்பது புண் மருத்துவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. நாங்கள் 11 மாதம் காத்திருந்தோம்.

வலி தெரியாத காலின் இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்ன மனிதர் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்தபோது, எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்வராயன் மலைக்குத் தென்மேற்கே, ஆத்தூர்ப் பக்கத்துச் சமவெளியைத் தாண்டினால் கொல்லிமலை. அங்கே வேலை செய்த ஜெசி, எவலின் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதிக்கு 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். மலைவாசிகளின் காலில் புண் வைத்து வெளியே தலை நீட்டும் நரம்புச்சிலந்திப் புழுவை, அவருடைய அப்பா ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல், நாளுக்குக் கொஞ்சமாக வெளியே இழுப்பதைப் பார்த்து வளர்ந்த பையன். சீழும் இரத்தமும் பார்த்து, மருத்துவமே வேண்டாம் என்று அந்த வயதில் வெறுத்தவர். அப்பா 1929இல் மலைக் காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா எவலின் பின்னாளில் மலைக்கே திரும்பி வந்தார். முதுமையிலும் குதிரை ஏறி மலை மலையாகப் போய் வேலை செய்த அவர், கல்வராயன் மலைக்கும் வந்திருக்கிறார்.

மகன் அறுவை மருத்துவராகி, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அது தானாக அழுகி விழும், தையல் போட்டாலும் ஆறாது என்பதுதான் அன்றைக்கு மருத்துவர்கள் உள்பட எல்லோரும் நம்பிய கதை. பிராண்ட் அந்த நோயாளிகளின் கைகளை அறுத்து, தசைநாரை இடம் மாற்றித் தைத்தார். எல்லோருடைய சதையும் ஆறுவதுபோலவே அவையும் ஆறின. அப்படியென்றால் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன?

துருப்பிடித்த ஒரு பூட்டு அதற்கு விடை சொன்னது. பிராண்டால் திறக்க முடியாத பூட்டை, மெலிந்த ஒரு தொழுநோயாளிப் பையன் சாவியை ஒரே திருகில் திருப்பித் திறந்தான். அடுத்த கணம் அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது. எலும்பு தெரிய அறுந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. வலி இருக்கிறவன் அந்தச் சாவியை அவ்வளவு அழுத்தி இருக்கவே மாட்டான். அதன்பின் பிராண்ட், தன்னிடம் இருந்த ஒவ்வொரு பையனின் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். சுத்தியல் பிடியின் சிலாம்பு, அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கிய பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். இரவோடு இரவாகக் காணாமல் போகும் விரல் துணுக்குக்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. விழித்திருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: எலி. தூக்கத்தில் எலி கடித்துத் தின்பதுகூடத் தெரியாத விரல்கள். அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகள் ஆளுக்கொரு பூனையோடு போனார்கள்.

தொழுநோய்க் கிருமி நரம்பைக் கொன்றாலும் சரி, சர்க்கரை கொன்றாலும் சரி, மிஞ்சுவது ஒரே மாதிரியான கால்தான். நெருப்பு வேறு, சாம்பல் ஒன்று. 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், வேலூரிலும் அதன் பக்கத்தில் காரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும் கற்றதை அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்குக் கொண்டுபோனார். எலிகளின் பாதத்தில் ஒரு கருவியால், சாதாரணமாக நடப்பது போன்ற மிதமான அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை கொடுத்துப் பார்த்தார். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. நாள்கள் போகப் போகச் சிவந்து, சூடேறி, கடைசியில் புண்ணாகப் பிளந்தது. முள்ளே குத்த வேண்டாம். ஒரே இடத்தில், ஓய்வில்லாமல், மறுபடி மறுபடி ஊன்றினாலே போதும். நமக்கு அப்படி ஆகாததற்குக் காரணம், வெகுதூரம் நடந்தால் கால் கடுக்கிறது. நாம் அறியாமலே எடையை மாற்றி ஊன்றுகிறோம், நொண்டுகிறோம். நொண்டுவது மூளை போடும் மருந்து. உணர்ச்சியற்ற கால் நொண்டுவதில்லை, நிமிர்ந்தே நடந்து தன்னை அழித்துக்கொள்கிறது.

இதற்கு வைத்தியம் பிராண்டுக்கு முன்பே நம் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1930களில் கொழும்பில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் அறுவை மருத்துவப் பேராசிரியர் ஆனவர். இந்தியாவில் அதே வேலையைச் செய்து 1939இல் எழுதியவர் ஜோசப் கான். உணர்ச்சியில்லாத பாதத்தில் உள்ளங்கால் புண் வந்தால், அதன் மேல் மாவுக்கட்டுப் போட்டு, நோயாளியை நடமாட விட்டார்கள். எலும்பு முறிவுக்குப் போடுகிற அதே மாவுக்கட்டு.

பெரியப்பாவுக்கு ஒரு வழியாக, வேறு ஊரில், ஒரு மருத்துவமனையில் அதைப் போட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் கால் இரத்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். பிறகு புண்ணைச் சுற்றிய காய்ப்பைச் சீவிச் சீவி எடுத்தார்கள். ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தெரிந்த புண், காய்ப்பு போனதும் அதைவிடப் பெரிதாக இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. பெரியப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டு கரும்பு விலை பேசிக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் பஞ்சு. புண்ணின் மேல் மெல்லிய ஒரு துணி. கணுக்கால் முட்டிலும் முன்னங்கால் எலும்பிலும் உரசாமலிருக்க மெத்தைத் துண்டு. அதன்மேல் ஈர மாவுத்துணியைச் சுற்றி, நர்ஸ் இரண்டு உள்ளங்கையாலும், பிள்ளையார் பிடிக்கிற மாதிரி, பாதத்தின் குழிவுக்கும் மேட்டுக்கும் ஒட்ட ஒட்டத் தடவி அமுக்கினார். எங்கேயும் இடைவெளி இருக்கக் கூடாது. அதுதான் சூட்சுமம். முழங்காலுக்குக் கீழே தொடங்கி விரல் நுனிவரை ஒரே ஓடு. கணுக்கால் மடங்காது, அதனால் விரல் மேட்டில் உந்த முடியாது. அடி சின்னதாகிவிடும். கெண்டைக்கால் வடிவத்துக்கு ஓடு கவ்விப் பிடிப்பதால் எடையில் ஒரு பங்கைக் காலின் மேற்பகுதியே வாங்கிக்கொள்கிறது. மீதி, பாதம் முழுக்கப் பரவிவிடுகிறது. புண் இருக்கும் இடத்துக்கு வரும் பங்கு மிகக் குறைவு.

"புண்ணை மூடி வச்சா அழுகிடாதா?" என்று பெரியம்மா கேட்டார். நியாயமான பயம். வீக்கம் வடிந்து கட்டு தளர்வதால், இரண்டு மூன்று நாளில் முதல் கட்டை அறுத்துப் பார்த்து மாற்றுவார்கள். அப்புறம் வாரம் ஒருமுறை. உள்ளே சீழ் கோத்திருந்தால், எலும்புக்குக் கிருமி போயிருந்தால், இரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் இந்தக் கட்டைப் போடவே கூடாது. முதலில் அவற்றைச் சரிசெய்தாக வேண்டும். வெட்டத் தெரிந்த, கட்டத் தெரிந்த கை வேண்டும். சரியாகப் போடாத கட்டே புதுப் புண்ணை உண்டாக்கிவிடும்.

கழற்றி மாட்டும் பூட்ஸ் போன்ற கருவிகளும் இருக்கின்றன. பாரத்தைக் குறைப்பதில் அவை மாவுக்கட்டுக்குப் பெரிதாகச் சளைத்தவை அல்ல. ஆனாலும் 2001இல் அமெரிக்காவில் டேவிட் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 12 வாரத்தில் மாவுக்கட்டில் 89.5% பேருக்குப் புண் ஆறியது, கழற்றும் பூட்ஸில் 65% பேருக்குத்தான். ஏன் இந்த வித்தியாசம்? இரண்டு வருடம் கழித்து அதே குழு, நோயாளியின் இடுப்பில் ஒன்றும் பூட்ஸில் ஒன்றுமாக அடி எண்ணும் கருவி வைத்துக் கண்டுபிடித்தது. ஒரு நாளில் வைக்கும் அடிகளில் 28% மட்டுமே பூட்ஸ் போட்டுக்கொண்டு வைத்தவை. வீட்டுக்குள் தானே, பாத்ரூம் வரைக்கும் தானே என்று கழற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலிக்காத காலுக்காக யார் பாடுபடுவார்கள்? மாவுக்கட்டைக் கழற்ற முடியாது என்பதே அதன் பலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் நகர முடியாது. காலில் உள்ள எல்லா ஆறாத புண்ணும் ஒன்றல்ல. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் டீ மாஸ்டர், துணிக்கடைப் பெண்கள், இவர்களுக்கு நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலின் உள்பக்கத்துக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, நீர் கசியும் புண் வரும். மேலே ஏற வேண்டிய இரத்தம் தேங்குவதால் வருவது. அதற்கு அழுத்தமே மருந்து. விரலடியிலிருந்து முழங்கால்வரை இறுக்கமான கட்டு, படுத்தால் இருதயத்துக்கு மேலே கால். அதே இறுக்கக் கட்டை, பீடி புகைத்துப் புகைத்துத் தமனி அடைத்துப்போன காலுக்குப் போட்டால் விரல்கள் கறுத்துப்போகும். அங்கே அடைப்பை நீக்கி இரத்தத்தை வரவழைத்தால்தான் மற்றதெல்லாம். உள்ளங்கால் புண்ணுக்கோ அழுத்தமே நஞ்சு. ஒருவருக்கு உயிர் கொடுப்பது இன்னொருவரின் காலை எடுக்கும். எந்தப் புண் என்று பார்க்காமல் ஒரே ஆயின்ட்மென்டை எல்லோருக்கும் எழுதித் தருவதில் எனக்குள்ள கோபம் இதுதான். வருடக்கணக்கில் இருக்கும் புண்ணின் ஓரம் தடித்து, பூப்போல எழும்பினால், அது புற்றாக மாறியிருக்கலாம். சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

மேலே போடும் மருந்துகள் வீண் என்று சொல்ல வரவில்லை. புண்ணைக் காற்றாட விட்டுப் பொருக்குத் தட்ட வைப்பதே நல்லது என்ற நம்பிக்கையை 1962இல் ஜார்ஜ் விண்டர் தகர்த்தார். பன்றியின் தோலில் ஆழமில்லாக் காயங்கள் செய்து, பாதியைக் காய விட்டு, பாதியை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடினார். ஈரம் காத்த காயத்தில் தோல் இரண்டு மடங்கு வேகமாக ஊர்ந்தது. பொருக்கு இருந்தால் தோல் அதற்கு அடியில் குடைந்து போக வேண்டியிருக்கிறது. காபித் தூளும் சுண்ணாம்பும் பவுடரும் தூவிப் புண்ணைக் காய வைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும். பெரிய குழிப் புண்ணுக்குப் பஞ்சு வைத்து, மேலே காற்றுப் புகாத படலம் ஒட்டி, மோட்டாரால் உறிஞ்சும் முறை 1990களில் வந்தது. நீர் வடிகிறது, சதை வேகமாக ஏறுகிறது.

எங்கள் மலையின் சரக்கும் இதில் உண்டு. கல்வராயன் மலை மக்கள் பொறுக்கி விற்கும் கடுக்காயில் துவர்ப்பு அதிகம். தோல் பதனிடுகிறவர்கள் காலங்காலமாகக் கடுக்காயைப் பயன்படுத்தியது, அந்தத் துவர்ப்பு கொலாஜன் நாரைப் பிடித்து இறுக்கும் என்பதால்தான். கடுக்காய், நெல்லி, தான்றி கொதித்த நீரில் புண் கழுவும் வழக்கமும் அதே துவர்ப்பை நம்பியதே. தோலைப் படித்த சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், கொலாஜனைக் கொண்டே புண்ணுக்கான மூடுதாள்களை ஆராய்ந்து உருவாக்கியது இந்த உறவின் இன்னொரு கிளை. ஊமத்தை இலையும் துருசும் சேர்ந்த பச்சை எண்ணெய் அரசு சித்த மருத்துவமனைகளிலும் தருகிற மருந்து. ஆனால் இவற்றில் எதுவும், 3,000 முறை நசுங்கும் இடத்தில் தனியாக நின்று வேலை செய்ய முடியாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வந்து சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இரண்டும் எங்கள் மாவட்டத்துக்குப் பெரும் வரம். வீடு தேடி வருகிறவர் அப்படியே கீழே குனிந்து, செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தையும் பார்த்துவிட்டால் எத்தனையோ கால்கள் தப்பும். அதற்கு வேண்டியது ஒரு நைலான் இழை. மீன் தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும். பாதத்தில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் விசையில் அது வளையும். கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால், புண் வருவதற்கு முன்பே அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது.

செருப்பு அடுத்தது. காரிகிரியில் தொழுநோயாளிகளுக்காகத் தைத்த எம்.சி.ஆர். செருப்பு, மிருதுவான கறுப்பு நுண்துளை ரப்பர் மேலேயும், முள் ஏறாத கெட்டி ரப்பர் கீழேயும் வைத்தது. ஆணி அடிப்பதில்லை; பின்பட்டை இருப்பதால் கழன்று விழாது. தொழுநோயாளிகளுக்கு அரசு இலவசமாகத் தருகிற அந்தச் செருப்பு, மரத்துப்போன சர்க்கரைக் கால்களுக்கும் அதே அக்கறையோடு ஊர் ஊருக்குக் கிடைக்க வேண்டும்.

தீமிதியைப் பற்றியும் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊர் குறைவு. காப்புக் கட்டி, விரதமிருந்து, குண்டத்தில் இறங்குவது எங்கள் உயிரோடு கலந்தது. சுட்டால் சட்டென்று காலைத் தூக்கி ஓடுவது உணர்ச்சி இருக்கிற கால்தான். மரத்த காலுக்கு அது தெரியாது. சர்க்கரை இருந்து பாதம் மரத்தவர்கள், தங்கள் வேண்டுதலுக்குப் பிள்ளையையோ தம்பியையோ இறக்கலாம், அம்மன் ஏற்றுக்கொள்வாள். உச்சி வெயிலில் கோயில் கல்தரையைச் சுற்றும்போதாவது தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாவது வாரம் பெரியப்பாவின் கடைசிக் கட்டை ரம்பத்தால் அறுத்தார்கள். உள்ளே கால் வெளுத்து, தோல் உரிந்து, குச்சியாக இருந்தது. நர்ஸ் ஈரத் துணியால் துடைத்தார். கட்டைவிரல் மேட்டில் குழி இல்லை. வெளிர் ரோஜா நிறத்தில், பளபளவென்று, புதுத் தோல் மூடியிருந்தது. பெரியம்மா விரலால் தொடப் போய், பயந்து கையை இழுத்துக்கொண்டார். எத்தனை மாதம் போனாலும் ஆறிய இடம் பழைய தோலின் பலத்தில் 80% வரைதான் எட்டும், அதே இடத்தில் மறுபடி வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

பெரியப்பாவுக்குப் பெரிய சங்கடம் வேறு. செருப்புப் போட்டுக்கொண்டு நிலத்தில் இறங்குவதா? அவர் அப்பாவும் தாத்தாவும் வரப்போரம் செருப்பை விட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். ஒரு வாரம் யோசித்தார். பிறகு ஒருநாள் காலை, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு இறங்கினார்.

இப்போது சாயங்காலமானால் திண்ணையில் ஒரு வேலை நடக்கிறது. பெரியப்பா காலை நீட்டுவார். பெரியம்மா விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருக்கிறதா என்று பார்த்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்து அவருக்கும் காட்டுவார். கடைசியாகப் புறங்கையை முதலில் வலது பாதத்திலும் பிறகு இடது பாதத்திலும் வைப்பார். உள்ளே சதை நசுங்கத் தொடங்கினால், புண் வெளியே தெரிவதற்குப் பல நாள் முன்பே அந்த இடம் சூடாகும். புறங்கைக்கு அது தெரியும்.

போன தையில், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், பெரியம்மா இடது பாதத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. வலதில் வைத்தார், மறுபடி இடதில் வைத்தார்.

"சுடுது" என்றார்.

"வலியில்லியே" என்றார் பெரியப்பா.

மறுநாள் வெட்டுக்கு என் தம்பிதான் போனான். பெரியப்பா திண்ணையில், தலையணை மேல் இடது காலை வைத்துக்கொண்டு, நாலு நாள் உட்கார்ந்திருந்தார்.